பழைய வண்டிக்கு எந்தப் பிளக்? கோளாறைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது

அப்பா ஓட்டிய புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. 1984 மாடல், திருவொற்றியூரில் செய்த வண்டி, பாயிண்ட் இக்னிஷன், அதாவது திறந்து மூடும் ஒரு தொடுமுனையால் (பாயிண்ட்) பொறி வரவழைக்கும் பழைய முறை. தம்பியிடம் ஒரு பழைய டிவிஎஸ் 50 உண்டு. இரண்டும் தினமும் ரோட்டுக்கு வருகிற வண்டிகள். வண்டி மக்கர் செய்த உடனே, சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதுதான் எங்கள் வீட்டிலும் வழக்கமாக இருந்தது. அப்படி மாற்றிய பிளக்குகளில் பாதிக்கு மேல் நல்ல பிளக்குகள். கோளாறு வேறெங்கோ இருந்தது. பிளக் அதைக் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறாரே, அதுபோலப் பிளக்கைப் பார்க்கப் பழகிவிட்டால் எந்தப் பிளக் வாங்குவது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

பார்க்கிற முறை சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கருப்பாகத்தான் தெரியும். எட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில், வழக்கமான வேகத்தில் போகும்போதே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, உருண்டு போய் ஓரம் நில்லுங்கள். ஹெட், அதாவது பிளக் மாட்டியிருக்கும் சிலிண்டரின் மேல்மூடி, நன்றாக ஆறட்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரையும் கூடவே வந்துவிடும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, அப்புறம் டியூப் ஸ்பேனர் போடுங்கள். அந்த மண் உள்ளே விழுந்தால் சிலிண்டரில் கீறல்தான்.

நிறம் பற்றி ஒரு விஷயம். பழைய கையேடுகளில் "பிஸ்கட் நிறம் இருந்தால் நல்லது" என்று இருக்கும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது 2000ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு நல்ல பிளக்கின் நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான்கூட வெளிறிய நிறத்தில்தான் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் வெளுப்பு. ஆகவே, வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். எந்த வெள்ளை ஆபத்தானது என்று கீழே சொல்கிறேன்.

கிக்கர் அடித்துக் கால் ஓய்ந்தது, பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறது

பெட்ரோல் வருகிறது, நெருப்பு பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிளக்கைத் துடைத்து, பிளக் கேப்பில், அதாவது வயரின் நுனியிலுள்ள மூடியில் மாட்டி, அதன் மரைப் பகுதி ஹெட்டின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கர் அடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பற்றிக்கொள்ளும். சிடிஐ, அதாவது பாயிண்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் பெட்டி உள்ள வண்டியில் பிளக்கை உலோகத்தில் படாமல் அந்தரத்தில் விட்டுக் கிக்கர் அடிக்கவே கூடாது. சிடிஐ பெட்டி போய்விட வாய்ப்பு உண்டு.

நீலமாக, "சட் சட்" என்று சத்தத்தோடு பொறி வந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பிளக் கேப், மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் காயில், பாயிண்ட்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சர், பாயிண்ட் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இதில் பலரும் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. வெளியே காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவைக்கு நடுவில் தாண்ட அதைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே அடிக்கிற பிளக் உள்ளே அடிக்காமல் போகலாம். அதனால் வெளியே பொறி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பிளக்கை நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு பிளக்கை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. என் புல்லட் டூல் பாக்ஸில் அப்படி ஒன்று எப்போதும் துணியில் சுற்றி இருக்கும்.

இங்கேதான் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். பழைய பாயிண்ட் வண்டிக்கு 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை போதும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ளவற்றுக்கு 0.7, 0.8 என்று இருக்கும். சில பிளக்குகளின் எண்ணுக்குக் கடைசியில் கோடு போட்டு 11 என்று அச்சடித்திருப்பார்கள், அது 1.1 மில்லிமீட்டர் இடைவெளியோடு புதுக் கார்களுக்காக வருவது. 6 வோல்ட் பேட்டரியும் பாயிண்ட்டும் உள்ள வண்டியில் அதை அப்படியே மாட்டினால் காலையில் கிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, பக்கத்து முனையை மட்டும் மெல்லத் தட்டிச் சரிசெய்யுங்கள். நடு முனையை நெம்பினால் பீங்கான் விண்டுவிடும்.

காய்ந்த கரி, தொட்டால் விரலில் புகைக்கரி

வண்டி ஓடுகிறது, ஆனால் மிஸ் ஆகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது. பிளக்கில் விளக்குக் கண்ணாடியில் படிவது போன்ற கரி. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது சோக் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பழைய கேபிளில் பாதியிலேயே நின்றுவிடும். அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்: அதன் ஃப்ளோட், தேய்ந்த ஊசி, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் தேய்ந்திருப்பது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கரி பிடித்தால் வண்டி எப்படி ஓடுகிறது என்று யோசிக்க வேண்டும். பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பீங்கான் முனை ஏறக்குறைய 450 டிகிரி சூட்டை எட்டினால் படிந்த கரி எரிந்துவிடும். கடைக்கும் வீட்டுக்குமாக ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டினாலே பாதித் தொல்லை தீரும். அதுவும் முடியாதென்றால் கையேடு சொல்லும் எண்ணிலிருந்து ஒரே ஒரு படி "சூடான" பிளக் போடலாம் (சூடான பிளக் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). ஒரு படிதான், இரண்டு படி தாண்டக் கூடாது.

கரி பிடித்த பிளக்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பிரஷ்ஷின் உலோகத் துகள் பீங்கானில் கோடாகப் படிந்து, பொறி அந்த வழியாகவே இறங்கிவிடும். முன்பு பெரிய பட்டறைகளில் மணல் ஊதிச் சுத்தம் செய்யும் பிளக் மெஷின் இருக்கும். அதில் சுத்தம் செய்தாலும் உள்ளே மாட்டிய மணல் ஒன்றுகூட இல்லாமல் ஊதி எடுக்க வேண்டும். பெட்ரோலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பதே வீட்டில் செய்யத் தக்கது.

எண்ணெய்ப் பசையோடு கருப்பு

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். டிவிஎஸ் 50 மாதிரி பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டியில் "என்ஜின் நல்லா இருக்கட்டும்" என்று கூடுதலாக ஊற்றுகிறோம். கையேடு சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் என்ஜினுக்குப் பயனில்லை. பிளக்கும் சைலன்ஸரும்தான் அடைக்கும். சில சமயம் இரண்டு முனைகளுக்கும் இடையே மயிரிழை போல ஒரு கரிப் பாலம் கட்டி, ஓடுகிற வண்டி சட்டென்று நிற்கும். கழற்றித் தட்டிவிட்டால் மறுபடி ஓடும். அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிளக் எண்ணெயாக இருந்தால் பிளக் மாற்றிப் பயனில்லை. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து ஆயில் மேலே வருகிறது. சைலன்ஸரில் நீலப் புகை வரும். ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதற்குப் பணம் சேரும்வரை ஒரு படி சூடான பிளக்கை வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி ஓட்டியிருக்கிறேன். ஆனால் ரீபோர் முடிந்த அன்றே பழைய எண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பழைய மாருதி 800, அம்பாசிடர் மாதிரி கார் என்றால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, வந்த வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி கருப்பாக இருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரிலோ அதற்குப் போகும் பிளக் வயரிலோ இருக்கிறது.

மேட்டில் இழுவை இல்லை, டிக் டிக் சத்தம், பீங்கான் வெளுத்துக் கொப்புளம்

மற்றக் கோளாறுகள் நம்மை நடுவழியில் நிறுத்தும். இது என்ஜினையே தின்றுவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீங்கான் வெளுத்திருப்பது மட்டும் அடையாளம் அல்ல. அதில் பளபளப்பு, சிறு கொப்புளங்கள், முனைகள் உருகி உருண்டையானது, அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள். அந்த அலுமினியம் உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. முனை 850 டிகிரி சூட்டை ஒட்டிப் போனால் பொறி வருவதற்கு முன்பே கலவை அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைக் கீழே தள்ளும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் என்ஜின் சில சுற்று ஓடினால் உள்ளே ஏதோ ஒன்று கனன்றுகொண்டிருக்கிறது. அது பிளக்காகவும் இருக்கலாம், படிந்த கரியாகவும் இருக்கலாம்.

காரணம் மூன்று. பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்திருக்கலாம். டைமிங், அதாவது பொறி வரும் நேரம் முந்தியிருக்கலாம். பிளக் தேவைக்கு மேல் சூடானதாக இருக்கலாம். கலவை மெலிவதற்குப் பழைய வண்டியில் பெரும்பாலும் காற்றுக் கசிவே காரணம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கும், அல்லது கேஸ்கெட் போயிருக்கும். என்ஜின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியாகக் கிரீஸ் தடவிப் பாருங்கள். ஐட்லிங் மாறினால் கசிவு அங்கேதான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல் போனாலும் இதே நிலை வரும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் மெலிந்தேதான் வரும். கார்புரேட்டருக்கு அதைத் தெரிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது. நாம்தான் ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

நண்பன் ஒருவனின் 100 சிசி டூ ஸ்ட்ரோக் கொல்லிமலை ஏற்றத்தில், எழுபது வளைவுகளில் பாதி தாண்டிய பிறகு ஜாம் ஆனது. பிஸ்டன் நடுவில் ஓட்டை. கார்புரேட்டர், ஆயில் எல்லாம் சரி. பிளக்கும் புதிது, எண்ணும் 8தான், கையேட்டில் சொன்ன அதே 8. ஆனால் அது வேறு கம்பெனியின் 8.

புதுப் பிளக் போட்டதிலிருந்துதான் தொல்லை

அந்த 8 என்னவென்று பார்க்கலாம். "சூடான பிளக்", "குளிர்ந்த பிளக்" என்பதற்கும் பொறியின் பலத்துக்கும் சம்பந்தமில்லை. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு ஹெட்டுக்கு இறங்க நேரம் எடுக்கும், முனை சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். வேகமாகச் சூடேறும் என்ஜினுக்குக் குளிர்ந்த பிளக், நிதானமாக ஓடும் என்ஜினுக்குச் சூடான பிளக். இந்தச் சூட்டு அளவைத்தான் பிளக் எண்ணின் நடுவிலுள்ள இலக்கம் சொல்கிறது. சொல்கிற விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

என்ஜிகே, பாஷ், சாம்பியன் மூன்றும் பிளக் கம்பெனிகள். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. பாஷ் பிளக்கில் எண் ஏற ஏறச் சூடானது. சாம்பியனும் பாஷ் மாதிரிதான், எண் ஏறினால் சூடு. என்ஜிகே 6க்கு ஏறக்குறைய இணை பாஷ் 7. என்ஜிகே 8க்கு ஏறக்குறைய இணை பாஷ் 5. என்ஜிகே 8 கேட்கிற வண்டிக்குப் பாஷ் 8ஐ மாட்டினால் மூன்று படி சூடான பிளக்கை மாட்டியதாகிவிடும். இதில் எந்தக் கம்பெனியின் குற்றமும் இல்லை. எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டதும் எண்ணை மட்டும் பார்த்துக் கொடுத்ததும்தான் தவறு.

புல்லட்காரர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. நாம் எல்லாரும் மைக்கோ பிளக் என்று சொல்லிப் பழகியது பாஷ்தான். 2008இல் கம்பெனியின் பெயரே பாஷ் என்று மாறிவிட்டது. அதன் பழைய பிளக்குகளில் 145, 175, 225 என்று மூன்று இலக்க எண் இருக்கும். அந்தக் காலத்து எண் ஏறினால் பிளக் குளிர்ந்தது. பிற்பாடு ஒற்றை இலக்கத்துக்கு மாறியபோது திசையும் தலைகீழானது. பழைய 175 இப்போது 7. பழைய 225 இப்போது 5. பழைய 145 இப்போது 8. அப்பாவின் கையேட்டில் பென்சிலால் 175 என்று எழுதியிருந்ததை வைத்து "பெரிய எண்ணா கொடுங்க" என்று நான் கேட்டு வாங்கி, சரியானதைவிடச் சூடான பிளக்கோடு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். எண்ணைச் சொல்லாதீர்கள். பழைய பிளக்கையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதுவும் ஏற்கெனவே தவறாக மாட்டியதாக இருக்கலாம் என்பதால் கையேட்டோடு ஒத்துப்பார்த்த பிறகே போங்கள்.

எழுத்துகளையும் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. என்ஜிகேயில் பிஆர்8ஈஎஸ் (BR8ES) என்று ஒரு பிளக் இருந்தால், முதல் எழுத்து மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 8 சூட்டு எண். ஈ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். அந்த ஈ இருக்கும் இடத்தில் எச் இருந்தால் நீளம் 12.7 மில்லிமீட்டர். பாஷில் ஏ, பி என்பவை 12.7க்கும் சி, டி என்பவை 19க்கும் அடையாளம். சாம்பியனில் எல் என்று தொடங்கினால் 12.7, என் என்று தொடங்கினால் 19.

இந்த நீளம் சூட்டு எண்ணைவிட முக்கியம். நீளமான துளையில் குட்டைப் பிளக்கைப் போட்டால் முனை குழிக்குள் ஒளிந்துகொள்ளும். வண்டி மந்தமாக ஓடும். காலியாக நிற்கும் மரையில் கரி அடைத்து, பிறகு சரியான பிளக் போகாது. குட்டைத் துளையில் நீளமானதைப் போட்டால் அதைவிட மோசம். பிஸ்டனோ வால்வோ வந்து முனையில் இடிக்கலாம். இடிக்காவிட்டாலும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரை கனலாகச் சிவந்து கலவையைப் பற்றவைக்கும். ஆகவே புதுப் பிளக்கைப் பழையதன் பக்கத்தில் நிறுத்தி, வாஷரிலிருந்து மரை முடியும்வரை அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ரெசிஸ்டர் விஷயம் சுருக்கம்தான். அது ஏறக்குறைய 5,000 ஓம் தடை. மின் இரைச்சலைக் குறைக்க வைப்பது. சிடிஐ வண்டிக்கு ரெசிஸ்டர் பிளக் என்று கையேடு சொன்னால் அதையே போடுங்கள். பாயிண்ட் வண்டியில் பிளக் கேப்பிலேயே ரெசிஸ்டர் இருக்கும்போது பிளக்கிலும் இன்னொன்று வேண்டாம். இருக்கிற கரண்ட்டே கொஞ்சம்தான்.

இரிடியம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம்: கார்புரேட்டரும் பாயிண்ட்டும் உள்ள வண்டிக்குச் சாதாரணத் தாமிரப் பிளக் போதும். இரிடியத்தின் நடு முனை மிக மெல்லியது, குறைந்த கரண்ட்டிலும் பொறி தாண்டும், உண்மை. ஆனால் ஆயில் ஏறினால் அதுவும் மற்றதைப் போலவே அணையும். அந்தக் காசில் இரண்டு தாமிரப் பிளக்கும் ஒரு புதுக் கண்டென்சரும் வாங்கிவிடலாம்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

இதற்குப் பிளக் காரணமாக இருப்பது அபூர்வம். அரை மணி நேரம் ஓடி நின்று, டீ குடித்துவிட்டு வந்தால் ஒரே கிக்கில் பற்றுகிறது என்றால் கண்டென்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பாயிண்ட் முனைகளில் பொறி பெரிதாகத் தெறிக்கிறதா? ஒரு முனையில் குழியும் எதிர் முனையில் மேடும் விழுந்திருக்கிறதா? கண்டென்சர் போய்விட்டது. அதை மாற்றி, பாயிண்ட்டை உப்புத்தாளால் சமப்படுத்தி, அதன் இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டால் பழைய பிளக்கே இன்னும் ஆறு மாதம் ஓடும்.

பிளக் இறுகாமல் வழுக்குகிறது

மரை போய்விட்டது. ஹெட்டைக் கழற்றாமல் அடுத்த அளவுப் பிளக்கை முறுக்கி ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்துப் புஷ் (உலோக வளையம்) அடித்து, அதே 14 மில்லிமீட்டர் மரை போட்டு வாங்குங்கள்.

இந்த நிலை வராமலிருக்க, பிளக்கை ஸ்பேனரால் தொடங்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். மரை "டக்" என்று உட்காரும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து விரலாலேயே கடைசிவரை ஓட்டுங்கள். வழியில் சிக்கினால் கழற்றிப் பாருங்கள், மல்லுக்கட்டாதீர்கள். வாஷர் ஹெட்டில் பட்ட பிறகு, 14 மில்லிமீட்டர் புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குக் குறைவாக. ஏற்கெனவே போட்டுக் கழற்றிய பிளக் என்றால் அதன் வாஷர் நசுங்கியிருக்கும், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுப் போதும். மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் பிளக்கின் முழு எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் எண் கேட்கும்போது அந்தத் தாளையே நீட்டலாம்.